பிளைத் நாணல் கதிர்க்குருவியா, வயல் கதிர்க்குருவியா? பிரித்தறிய ஒரு முழு வழிகாட்டி

புதருக்குள் ஏதோ ஒன்று 'டக்' என்கிறது. பழுப்பாக ஒரு குருவி அரை நொடி தலைகாட்டிவிட்டு மறைகிறது. "ரீட் வார்ப்ளர்" என்கிறார் ஒருவர். "பேடிஃபீல்டா இருக்குமோ?" என்கிறார் அடுத்தவர். செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை தமிழ்நாட்டின் எந்தக் குளக்கரையிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம்.

பிளைத் நாணல் கதிர்க்குருவியும் (பிளைத்ஸ் ரீட் வார்ப்ளர்) வயல் கதிர்க்குருவியும் (பேடிஃபீல்டு வார்ப்ளர்) அக்ரோசெபாலஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இரண்டும் 13, 14 சென்டிமீட்டர் நீளம்தான். இரண்டுக்கும் மேலே பழுப்பு, கீழே வெளுப்பு. இரண்டும் குளிர்காலத்துக்கு இங்கே வந்துவிட்டு வடக்கே திரும்புபவை. முதலாவதை இனிமேல் பிளைத் என்றே சொல்கிறேன்.

புதியவர்களோடு பல குளிர்காலங்கள் நடந்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அவர்களுடைய கண்ணில் குறையில்லை, பார்க்கும் வரிசையில்தான் தவறு. எல்லோரும் நிறத்தில் தொடங்குகிறார்கள். இந்த இரண்டு குருவிகளிலும் எளிதில் ஏமாற்றுவது நிறம்தான். அதனால் இந்த வழிகாட்டியில் நிறம் கடைசிப் பக்கமாகத்தான் வரும்.

1. பெயரை நம்பாதீர்கள்

பிளைத்தின் பெயரில் நாணல் இருக்கிறது. ஆனால் குளிர்காலத்தில் அது நாணலைத் தேடிப் போகும் பறவை இல்லை. வேலிப்புதர், உண்ணிச்செடி, சீமைக்கருவேலம், மாந்தோப்பு, வீட்டுத் தோட்டத்துச் செம்பருத்தி என இலை அடர்ந்த எந்த இடத்திலும் இருக்கும். தண்ணீர் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

வயல் கதிர்க்குருவியின் பெயரும் முழு உண்மையைச் சொல்வதில்லை. நெல் வயலிலும் கரும்பிலும் இருக்கும்தான். ஆனால் குளத்தோரச் சம்பங்கோரையிலும் நாணலிலும் உயரமான புல்லிலும் தேடுவதே பலன் தரும். பெயரைப் பிடித்துக்கொண்டு போனால், நாணலில் பார்த்ததையெல்லாம் பிளைத் என்று எழுதிவிடுவோம். நான் அதிகம் பார்த்த முதல் தவறு இதுதான்.

2. கிளம்பும் முன் என்ன வேண்டும்

8 மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் போதும். 10 மடங்கு இருந்தால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் புதருக்குள் ஓடும் குருவிக்கு அகன்ற பார்வைப் பரப்புதான் முக்கியம். கிட்டத்தில், அதாவது இரண்டு மூன்று மீட்டரில், தெளிவாகக் குவிகிறதா என்று முன்பே சோதித்துப் பாருங்கள். இந்தக் குருவிகள் சில சமயம் காலடிக்கு அருகிலேயே வந்துவிடும்.

ஒரு சிறு நோட்டும் பென்சிலும் வேண்டும். செல்பேசியில் குறித்தாலும் சரி, ஆனால் குறிப்பது பறவையைப் பார்த்த கையோடு நடக்க வேண்டும். கையேட்டைத் திறந்துவிட்டுக் குறித்தால், கண்ட அடையாளத்துக்குப் பதிலாகப் படித்த அடையாளத்தை எழுதுவோம். இதை நான் மிகவும் வற்புறுத்துவேன்.

காமெரா இருந்தால் நல்லது, கட்டாயமில்லை. செல்பேசியில் குரல் பதிவு செய்யப் பழகியிருந்தால் அது பெரிய உதவி.

நேரம்: விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரை. பிறகு வெயில் ஏற ஏற இரண்டும் உள்ளே போய்விடும். மாலை நாலரைக்கு மேல் மறுபடி ஒரு வாய்ப்பு உண்டு.

கடைசியாக, பிளைத்தை நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பிளைத் எங்கும் உண்டு. வயல் கதிர்க்குருவியை அதற்கான இடத்தில் தேடித்தான் பார்க்க வேண்டும். உங்கள் தெருவில் வந்து தங்கும் ஒரு பிளைத்தை ஒரு மாதம் விடாமல் பாருங்கள். அது நிற்பது, தாவுவது, கத்துவது எல்லாம் மனதில் பதிந்துவிட்டால், வயல் கதிர்க்குருவி முன்னால் வந்து நிற்கும்போது 'இது வேறு' என்று கண்ணே சொல்லும். பட்டியலை மனப்பாடம் செய்து அந்த இடத்துக்கு வந்துசேர முடியாது.

3. இந்த இரண்டில் ஒன்றுதானா என்று முதலில் உறுதி செய்யுங்கள்

இரண்டுக்குள் எது என்று யோசிப்பதற்கு முன்னால், மூன்றாவது ஏதாவதாக இருக்குமா என்று கேட்க வேண்டும். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம்.

வால் மேல்நோக்கி நீளமாக நின்று, தலையின் உச்சி துருநிறமாக இருந்தால் அது தையல்சிட்டு. வால் உடம்பளவுக்கு நீண்டு, படிப்படியாக ஒடுங்கி ஆடிக்கொண்டிருந்தால் பிரினியா வகைகளில் ஒன்று. சின்னான் அளவுக்குப் பெரிதாக, கரகரவென்று கோரைக்குள்ளிருந்து உரக்கக் கத்தினால் அது கிளாமரஸ் ரீட் வார்ப்ளர். மர உச்சியில் பச்சை கலந்த குருவி இலைகளுக்கிடையே ஓயாமல் துள்ளினால் கிரீனிஷ் வார்ப்ளராக இருக்கலாம்.

உண்மையான சிக்கல் பூட்டட், சைக்ஸ் என்ற இரண்டு வார்ப்ளர்களில்தான். அவை இட்யூனா என்ற வேறு பேரினம். ஆனால் அளவும் நிறமும் அதே மாதிரி. இங்கே வாலடியைப் பாருங்கள். அக்ரோசெபாலஸ் குருவிகளுக்கு வாலின் அடியில் உள்ள வெளிர் இறகுகள் நீளமாக, வாலின் பாதியைத் தாண்டிப் போகும். வால் நுனி வட்டமாக இருக்கும். இட்யூனாவுக்கு அந்த இறகுகள் குட்டை. வால் நுனி கத்தரித்த மாதிரி நேராக இருக்கும், வாலின் ஓரச் சிறகுகளில் வெளிர் விளிம்பும் தெரியும். புருவம், அதாவது கண்ணுக்கு மேல் ஓடும் வெளிர்க்கோடு, நீண்டு தெரிகிறதே என்று பூட்டட்டை வயல் கதிர்க்குருவி என எழுதிய பட்டியல்கள் நிறைய உண்டு. வாலடியைப் பார்த்திருந்தால் அவற்றில் பாதி வந்திருக்காது.

4. இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

பறவை எந்தச் செடியில் இருந்தது, எவ்வளவு உயரத்தில் இருந்தது, கீழே தண்ணீர் இருந்ததா என்ற மூன்றையும் எழுதுங்கள்.

இடம் தீர்ப்பு சொல்லாது. எது நடக்கக்கூடியது என்று மட்டும் சொல்லும். தண்ணீரும் கோரையும் புல்லும் இல்லாத காய்ந்த வேலிப்புதர் என்றால், அது பிளைத் என்ற எதிர்பார்ப்போடு பார்க்கலாம். வயல் கதிர்க்குருவி என்று சொல்ல அங்கே வலுவான சான்று வேண்டும். மறுபக்கம், கோரைக்கு நடுவில் இருப்பதாலேயே வயல் கதிர்க்குருவி ஆகிவிடாது. பிளைத்தும் கோரையின் ஓரத்துக்கு வரும். பள்ளிக்கரணை போன்ற சதுப்பு நிலத்திலும், கோவைக் குளங்களிலும், கோரையும் புதரும் கலக்கும் விளிம்பில் இரண்டையும் எதிர்பார்க்க வேண்டும். புதியவர்கள் குழம்புவது அந்த விளிம்பில்தான்.

என் அனுபவத்தில் பயன்படும் ஒரு சின்னக் கவனிப்பு: துரத்தாமல் நின்றால், பிளைத் கோரையிலிருந்து கிளம்பிப் பக்கத்துக் காட்டாமணக்கிலோ கருவேலத்திலோ ஏறும். வயல் கதிர்க்குருவி கோரையை விட்டு வர மனமில்லாமல், தண்டுக்குத் தண்டு தாவி, தாழ்வாகவே இருக்கும். தொந்தரவு செய்தால் கொஞ்ச தூரம் தாழப் பறந்து மறுபடி கோரைக்குள்ளேயே விழும். பத்து நிமிடம் பொறுத்தால் இது தெரியும்.

கோரைக்குள் இறங்கி விரட்டாதீர்கள். பறவைக்குத் தொந்தரவு, உங்களுக்குப் பாம்பும் சேறும். தவிர, விரட்டிய பறவை இயல்பாக நடந்துகொள்ளாது. நமக்கு வேண்டியதே அதன் இயல்புதான்.

5. நிறத்துக்கு முன் உருவம்

வெளிச்சம் மோசமாக இருந்தாலும் உருவம் மாறாது. அதனால்தான் இது முன்னால் வருகிறது.

பிளைத்தின் அலகு நீளமாகவும் ஒல்லியாகவும் இருக்கும். நெற்றி தட்டையாகச் சரிந்து நேராக அலகில் போய்ச் சேரும். பக்கவாட்டில் பார்த்தால் முகம் கூராகத் தெரியும். வயல் கதிர்க்குருவிக்கு அலகு குட்டை. தலை உருண்டை. சில சமயம் உச்சி இறகுகளைக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொள்ளும், அப்போது தலை இன்னும் உருண்டையாகத் தெரியும்.

வால் இரண்டாவது குறிப்பு. வயல் கதிர்க்குருவியின் இறக்கை குட்டை. அதனால் வால் நீண்ட மாதிரி தோன்றும். அதை அடிக்கடி மேலே தூக்கும், சிலுப்பும். பிளைத் கிளையில் நிற்கும்போது தலையும் வாலும் இரண்டு பக்கமும் லேசாக மேலே வளைந்து, உடம்பு வாழைப்பழம் போல் தெரியும். இந்த நிலையை ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது. ஆனால் எல்லா நேரமும் அப்படி நிற்காது. வாழைப்பழம் தெரியவில்லை என்பதால் பிளைத் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

அலகின் நிறத்தையும் இதோடு பார்த்துவிடலாம். வயல் கதிர்க்குருவியின் கீழலகு இளஞ்சிவப்பாகவோ மஞ்சள் கலந்தோ இருந்து, நுனி மட்டும் மையில் தோய்த்த மாதிரி கருப்பாக இருக்கும். பிளைத்தின் கீழலகிலும் நுனிப் பக்கம் கருமை உண்டு, ஆனால் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாதபடி மங்கலாகப் பரவியிருக்கும்.

6. புருவக்கோடு: கண்ணுக்குப் பின்னால் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படிக்கு மட்டும்தான் உங்களுக்கு நேரம் கிடைக்கும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

"புருவம் இருந்தது" என்று குறிப்பில் எழுதினால் எந்தப் பயனும் இல்லை. இரண்டுக்கும் புருவம் உண்டு. கேட்க வேண்டிய கேள்வி, அது கண்ணைத் தாண்டிப் பின்னால் எவ்வளவு தூரம் போகிறது, எப்படி முடிகிறது என்பதுதான்.

பிளைத்தின் புருவம் கண்ணுக்கு முன்னால்தான் பளிச்சென்று இருக்கும். அலகின் அடிக்கும் கண்ணுக்கும் நடுவில் சற்றுத் தடித்து ஒரு பொட்டு மாதிரி தெரியும். கண்ணைத் தாண்டியதும் மங்கிவிடும், அல்லது அங்கேயே நின்றுவிடும்.

வயல் கதிர்க்குருவியின் புருவம் கண்ணுக்குப் பின்னாலும் அகலமாகத் தொடரும். பலவற்றில் கண்ணுக்குப் பின்னால்தான் அது இன்னும் அகலம். அதோடு புருவத்தின் மேல் விளிம்பில், தலையின் ஓரமாக, ஒரு கருமையான கோடு ஓடும். கீழே கண்ணின் வழியாக இன்னொரு கருங்கோடு. மேலும் கீழும் கருப்பு இருப்பதால் நடுவில் உள்ள வெள்ளை எடுப்பாகத் தெரிகிறது. முகம் முழுக்கக் கோடு போட்ட மாதிரி இருக்கும். பிளைத்தின் முகமோ பெரிய அடையாளம் எதுவும் இல்லாத சாதாரண முகம்.

இங்கே மூன்று தவறுகள் நடக்கின்றன.

முதலாவது கோணம். குருவி நம்மை நேராகப் பார்க்கும்போது எல்லாப் புருவமும் நீண்டு தெரியும். முழுப் பக்கவாட்டுத் தோற்றம் கிடைக்கும் வரை புருவத்தைப் பற்றி எதுவும் எழுதாதீர்கள்.

இரண்டாவது வெளிச்சம். உச்சி வெயிலில் தலையின் மேல்பகுதி வெளுத்து, ஓரக் கருங்கோடு கரைந்துவிடும். அப்போது வயல் கதிர்க்குருவியும் சாதாரண முகத்தோடு தெரியலாம். நிழலில் வரும்வரை காத்திருங்கள்.

மூன்றாவது, கருங்கோடு எல்லாப் பறவையிலும் ஒரே அளவில் இருக்கும் என்ற எண்ணம். சில வயல் கதிர்க்குருவிகளில் அது மிக லேசாகத்தான் இருக்கும். கோடு தெரிந்தால் வலுவான சான்று. தெரியாவிட்டால் புருவத்தின் நீளத்தையும் மற்றப் படிகளையும் வைத்துத்தான் பேச வேண்டும்.

இதோடு கழுத்தின் பக்கத்தையும் பாருங்கள். வயல் கதிர்க்குருவிக்கு காதுப் பகுதிக்குப் பின்னால் கழுத்தோரம் கொஞ்சம் வெளிறி, அரைகுறைக் காலர் போட்ட மாதிரி இருக்கும். முகம் எடுப்பாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

7. இறக்கையும் பிட்டமும்

மடித்த இறக்கையின் மேல், முதுகுக்கு அடுத்தாற்போல், மூன்று சிறகுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். மூன்றாம் நிலைச் சிறகுகள் என்று அவற்றைச் சொல்வோம். வயல் கதிர்க்குருவியில் அவற்றின் நடுப்பகுதி கருமையாகவும் விளிம்பு வெளிர்ப் பழுப்பாகவும் இருக்கும். ஒவ்வொரு சிறகும் தனித்தனியாகத் தெரியும். பிளைத்தில் நடுவுக்கும் விளிம்புக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. இறக்கை முழுவதும் ஒரே பூச்சு பூசிய மாதிரி இருக்கும்.

அடுத்து, அந்தச் சிறகுகளுக்குக் கீழிருந்து வெளியே நீளும் முதன்மைச் சிறகுகளின், அதாவது இறக்கையின் வெளியோர நீண்ட சிறகுகளின், நுனியைப் பாருங்கள். பிளைத்தில் அந்த நீட்டம், மேலே தெரியும் மூன்றாம் நிலைச் சிறகுகளின் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. வயல் கதிர்க்குருவியில் கிட்டத்தட்ட பாதிதான். இதைக் களத்தில் அளப்பது சிரமம். நல்ல பக்கவாட்டுப் படம் இருந்தால் வீட்டில் அளக்கலாம்.

பிட்டத்துக்கு ஒரு நொடிதான் கிடைக்கும், குருவி திரும்பிப் பறக்கும் நேரத்தில். வயல் கதிர்க்குருவியின் பிட்டம் செம்பழுப்பாக, முதுகைவிடச் சூடான நிறத்தில் தெரியும். பிளைத்தில் முதுகும் பிட்டமும் ஏறத்தாழ ஒரே நிறம். முதுகோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும், பிட்டத்தை மட்டும் தனியாகப் பார்த்து 'சிவப்பாக இருந்தது' என்பது போதாது.

பிடித்து வளையம் மாட்டும் ஆய்வாளர்கள் சிறகுகளையே எண்ணிப் பார்ப்பார்கள். இறக்கையின் வெளியோரத்திலிருந்து எண்ணும்போது, பிளைத்தில் மூன்றாவது, நான்காவது முதன்மைச் சிறகுகளின் வெளிவிளிம்பு நுனிப் பக்கம் ஒடுங்கியிருக்கும். வயல் கதிர்க்குருவியில் ஐந்தாவதும் சேர்த்து ஒடுங்கியிருக்கும். பறவையைப் பிடிப்பதற்கு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும், எனவே நமக்கு அது வேலையில்லை. ஆனால் இறக்கையை விரித்துச் சோம்பல் முறிக்கும் நேரத்தில் ஒரு படம் விழுந்தால், இதே கணக்கை அந்தப் படத்தில் போடலாம்.

8. இப்போது நிறம்

சரி, இப்போது நிறத்துக்கு வரலாம். பிளைத்தின் மேல்பகுதி ஆலிவ் கலந்த சாம்பல் பழுப்பு. குளிர்ந்த நிறம் என்று சொல்வோம். வயல் கதிர்க்குருவி காய்ந்த வைக்கோலையும் மணலையும் நினைவூட்டும் சூடான பழுப்பு. விலாப்புறமும் அதே சாயலில் இருக்கும். கால்கள் பிளைத்தில் சாம்பல் பழுப்பு, வயல் கதிர்க்குருவியில் கொஞ்சம் இளஞ்சிவப்புக் கலந்த பழுப்பு.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு தாமதமாகச் சொல்கிறேன் என்றால், காலை ஆறே முக்கால் வெயில் எந்தக் குருவியையும் சூடான நிறமாக்கிவிடும். பச்சை இலைக்கு நடுவில் நின்றால் எந்தக் குருவிக்கும் ஆலிவ் சாயல் வந்துவிடும். காமெராவும் தன் கணக்குக்கு நிறத்தை மாற்றும். நான் ஒரு முறை கோவையில் ஒரு குளக்கரையில், விடிகாலை வெளிச்சத்தில் பொன்னிறமாக நின்ற குருவியை வயல் கதிர்க்குருவி என்று உறுதியாக எழுதி, கூட வந்த நான்கு பேரையும் எழுத வைத்தேன். எட்டு மணிக்கு அதே குருவி அதே செடியில் நிழலில் வந்து நின்றது. புருவம் கண்ணோடு முடிந்திருந்தது, நீண்ட அலகு, சாம்பல் முதுகு. நான்கு பேரிடமும் சொல்லித் திருத்தினேன். அன்றிலிருந்து நிறத்தைக் கடைசியில்தான் குறிக்கிறேன்.

9. குரல்

பிளைத்தைப் பார்ப்பதற்கு முன் கேட்போம். 'டக்' என்றோ 'செக்' என்றோ, கூழாங்கல்லோடு கூழாங்கல் தட்டின மாதிரி ஓர் அழுத்தமான ஒலி. கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி ஒன்று. புதருக்குள் இடம் மாறியபடி இதையே நிமிடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கும். எரிச்சலானால் 'ட்ர்ர்ர்' என்று இழுக்கும்.

வயல் கதிர்க்குருவியின் அழைப்பு சற்று மென்மை, 'சிக்' 'சிக்' என்று வரும். அதற்கும் கரகரப்பான இழுப்பு ஒலி உண்டு. படித்தால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். களத்தில் அவ்வளவு தெளிவாக இருக்காது. தூரம் கூடினால் 'டக்'கும் மென்மையாகிவிடும். அதனால் கோரைப் பகுதியில் குரலை மட்டும் வைத்து வயல் கதிர்க்குருவி என்று முடிவு செய்ய வேண்டாம். வேலியில் திரும்பத் திரும்பக் கேட்கும் தெளிவான 'டக்', பழகிய காதுக்குப் பிளைத் என்று சொல்லப் போதுமானது.

மார்ச் கடைசி, ஏப்ரலில் பிளைத் கிளம்பும் முன் பாடத் தொடங்கும். அவசரமில்லாத பாட்டு. ஒரு சொற்றொடரை இரண்டு மூன்று தடவை, சில சமயம் அதற்கும் மேல், திரும்பப் பாடிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும். நடுநடுவே அந்த 'டக்' ஒலியும் வரும், மற்றப் பறவைகளின் குரலையும் கலக்கும். வயல் கதிர்க்குருவியின் பாட்டு வேகமானது, நிறுத்தாமல் சளசளவென்று ஓடும். ஏப்ரல் காலையில் இந்த நிதானத்தைக் கேட்டால், பார்க்காமலேயே பிளைத் என்று சொல்லிவிடலாம். இந்த இரண்டுக்கும் நடுவில், இடத்தின் துணையில்லாமல் குரலே முடிவு சொல்லும் ஒரே சமயம் அதுதான் என்பது என் கருத்து.

குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் செயலி காட்டும் பெயரைச் சான்றாக எடுத்துக்கொள்ளாமல், எங்கே பார்க்கலாம் என்ற தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள். பதிவைச் சேமித்து, வீட்டில் ஸெனோ-கான்டோ என்ற பறவைக்குரல் தளத்தில் உள்ள பதிவுகளோடு பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். பறவையை வெளியே வரவழைக்க அதன் குரலை ஒலிபரப்ப வேண்டாம். வலசை வந்த குருவி தீனிக்காகச் செலவிட வேண்டிய நேரம் அது.

10. மாதத்தையும் இறகின் வயதையும் சேர்த்துப் பாருங்கள்

வலசை வந்து இறங்கும் வளர்ந்த பறவைகளின் இறகுகள் தேய்ந்திருக்கும். அவை முழு இறகுதிர்ப்பையும் குளிர்கால இடங்களில்தான் செய்கின்றன. தேய்ந்த இறகில் விளிம்புகள் உதிர்ந்துவிடுவதால், மூன்றாம் நிலைச் சிறகுகளின் வெளிர் விளிம்பு என்ற அடையாளம் வயல் கதிர்க்குருவியிலேயே காணாமல் போயிருக்கலாம்.

அதே சமயத்தில், அந்த ஆண்டு பிறந்த இளம் பிளைத்துகள் புத்தம்புது இறகோடு இருக்கும். இறக்கையில் சூடான பழுப்புச் சாயலும் இருக்கும். செப்டம்பர், அக்டோபரில் 'சூடான நிறம், வயல் கதிர்க்குருவி' என்று வரும் குறிப்புகளில் நான் முதலில் சந்தேகிப்பது இந்த இளம் பிளைத்தைத்தான். அந்த மாதங்களில் நிறத்துக்கும் இறக்கைக்கும் கொடுக்கும் மதிப்பைக் குறைத்து, புருவம், அலகு, தலையின் வடிவம் ஆகியவற்றின் மேல் நில்லுங்கள். இறகுதிர்ப்பு முடிந்த பிறகு, குளிர்காலத்தின் பிற்பகுதியில், எல்லா அடையாளமும் மறுபடி நம்பத் தக்கவை ஆகும். இரண்டையும் கற்றுக்கொள்ளத் தொடங்க பிப்ரவரியும் மார்ச்சும் எளிய மாதங்கள்.

11. படத்தை வீட்டில் பார்ப்பது எப்படி

நல்ல படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் பார்ப்பதுதான் வழக்கம். அதைச் செய்யாதீர்கள். ஒரே குருவியின் எல்லாப் படங்களையும் வரிசையாகப் பாருங்கள், மங்கலானவை உட்பட. ஒரு படத்தில் நீண்டு தெரிந்த புருவம் அடுத்ததில் குட்டையாகத் தெரியும். பெரும்பாலான படங்கள் எதைச் சொல்கின்றனவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

படத்தைக் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பார்ப்பது எனக்கு மிகவும் உதவிய பழக்கம். நிறம் போய்விட்டால் முகக்கோடுகளும் சிறகு விளிம்புகளும் மட்டும் மிஞ்சும். அதில் முகம் கோடுகோடாகத் தெரிந்தால் ஒன்று, வெறுமையாகத் தெரிந்தால் இன்னொன்று. படத்தின் கூர்மையைக் கூட்டும் திருத்தங்கள் இல்லாத கோட்டையும் உண்டாக்கும். அதனால் திருத்தாத மூலப் படத்திலேயே முடிவெடுங்கள்.

12. பட்டியலில் என்ன எழுதுவது

உருவம், முகம், இறக்கை அல்லது பிட்டம் என்ற மூன்றில் குறைந்தது இரண்டு ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். மற்றது எதிர்த்துப் பேசக் கூடாது. அப்போதுதான் வயல் கதிர்க்குருவி என்று நான் எழுதுவேன். எங்கும் இருக்கும் பிளைத்துக்கு, தெளிவான முகம் அல்லது தெளிவான குரலோடு பொருத்தமான இடம் சேர்ந்தால் போதும்.

இரண்டும் இல்லையென்றால், பறவைப் பட்டியல்களைப் பதியும் ஈபேர்டு தளத்தில் அக்ரோசெபாலஸ் இனம் என்று பேரினத்தோடு நிறுத்தும் வசதி இருக்கிறது. தயங்காமல் அதைப் பயன்படுத்துங்கள். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு போன்ற நாட்களில் பட்டியலை நீட்டும் ஆசை வரும். ஆனால் தவறாக எழுதிய ஒரு வயல் கதிர்க்குருவி, அந்தக் குளத்தில் அது இருப்பதாக அடுத்து வருபவரையும் நம்ப வைக்கும். அவரும் அதையே எதிர்பார்த்து, அதையே பார்ப்பார். இப்படி ஒரு தவறு பல ஆண்டுகள் தொடர்வதைக் கண்டிருக்கிறேன்.

குறிப்புப் பகுதியை வெறுமையாக விடாதீர்கள். 'நன்றாகப் பார்த்தேன்' என்பது குறிப்பாகாது. இப்படி எழுதலாம்: "சம்பங்கோரையில், தண்ணீரிலிருந்து அரை மீட்டர் உயரத்தில். நிழலில், பக்கவாட்டில், சுமார் 20 நொடி. புருவம் கண்ணுக்குப் பின்னால் அகலமாகத் தொடர்ந்தது, மேலே கருங்கோடு இருந்தது. அலகு குட்டை, கீழலகு நுனி மட்டும் கருப்பு. பறந்தபோது பிட்டம் முதுகைவிடச் செம்மை. குரல் கேட்கவில்லை." கேட்காததையும் தெரியாததையும் சேர்த்து எழுதுங்கள். சரிபார்ப்பவருக்கு அதுதான் நம்பிக்கை தரும். அடுத்த ஆண்டு உங்களுக்கே சந்தேகம் வந்தால், திரும்பிப் பார்க்க அந்த வரிகள் இருக்கும்.

அப்புறம், பார்த்த செடியையும் நேரத்தையும் குறித்து வைத்துக்கொண்டு மறுநாள் அதே இடத்துக்குப் போங்கள். குளிர்காலம் முழுக்க ஒரே புதரில் தங்கும் பிளைத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நேற்றுத் தவறிய பக்கவாட்டுத் தோற்றம் இன்றைக்குக் கிடைக்கலாம்.